பின் டயர் கோணலாகத் தேய்கிறதா? பிக்கப், ஜீப், இன்னோவாக்காரர்கள் எங்கே பார்க்க வேண்டும்

பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளிப் பெட்டி ஏற்றும் பிக்கப், காவேரிப்பட்டணத்தில் மாங்காய் ஏற்றும் குட்டி யானை, ஓசூருக்கு ஆள் ஏற்றிப்போகும் பொலிரோ, இன்னோவா கிரிஸ்டா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஆம்னி. இவை எல்லாமே பின் சக்கரம் தள்ளி ஓடும் வண்டிகள். முன் டயருக்குத் திரும்பும் வேலை. பின் டயருக்குத் தள்ளவும் வேண்டும், சுமக்கவும் வேண்டும். அதனால் முன்னாலும் பின்னாலும் டயர் தேயும் விதமும் அதற்கான காரணமும் வேறு வேறு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மேலே சொன்ன வண்டிகளில் பின் அச்சு ஒரே ஹவுசிங், அதாவது இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கெட்டி இரும்புக் கூடு. அதில் பின் சக்கரத்துக்கு அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணத்தைத் திருத்தும் திருகு கிடையாது. சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பது ஹவுசிங்கைச் செய்யும்போதே முடிவாகிவிட்டது. பின் டயர் ஒழுங்கில்லாமல் தேய்ந்தால், ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது, நகர்ந்திருக்கிறது, வளைந்திருக்கிறது. இல்லையென்றால் லோடுக்கும் காற்றுக்கும் பொருத்தமில்லை. அலைன்மென்ட் மெஷினில் ஏற்றி முன் சக்கரத்தை மட்டும் திருப்பிவிட்டு வந்தால் பின் டயர் தேய்வது நிற்காது. பணம் போனதுதான் மிச்சம்.

இன்னொன்று: தேய்ந்த டயரைக் கழற்றிய கையோடு பழைய டயர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். என்ன கோளாறு என்பதற்கான சாட்சி அந்த டயர்தான். காரணம் தெரியும் வரை வைத்திருங்கள். காரணம் தெரியாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே விதமாகத் தேயும்.

முதலில் அளந்து எழுதுங்கள்

கண்ணால் பார்த்து "உள்ளே கொஞ்சம் தேஞ்சிருக்கு" என்று சொல்வது போதாது. டயர் கடையில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் பகுதி) ஆழம் அளக்கும் சின்ன கேஜ் கிடைக்கும், விலை அதிகமில்லை. ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடம். டயரைக் கொஞ்சம் உருட்டி அதே மூன்று இடம், இன்னும் கொஞ்சம் உருட்டி மறுபடி. ஆக ஒரு டயருக்கு ஒன்பது அளவு. பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேட்டின் மீது கேஜை வைக்காதீர்கள். அது 1.6 மி.மீ. உயரத்தில் இருக்கும் எச்சரிக்கைக் கட்டை. பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது.

உள் 3, நடு 6, வெளி 6.5 என்று மூன்று சுற்றிலும் ஒரே மாதிரி வந்தால் கோளாறு கோணத்தில். முதல் சுற்றில் 6, அடுத்ததில் 4, மூன்றாவதில் 6 என்று சுற்றளவில் மாறினால் கோளாறு பேலன்சிங், ரிம், ஷாக் அப்சார்பர், பிரேக் இவற்றில். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்து உள்ளங்கையைப் பட்டன் மேல் மெல்ல வைத்து, வெளியிலிருந்து வண்டியின் உட்பக்கம் நோக்கித் தடவுங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே. கம்பி ஏதும் வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகப் போய், திரும்பும்போது ரம்பப் பல் போல இடறினால் டயர் பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது என்று பொருள். எந்தத் திசையில் இடறுகிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வண்டியைத் தூக்கும்போது கவனம். சாதாரண டிஃபரன்ஷியல் (இரண்டு பின் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி) உள்ள வண்டியில் ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினால் கியரில் போட்டிருப்பது வண்டியைப் பிடிக்காது. தூக்கிய சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொள்ள வண்டி நகர்ந்துவிடும். இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கினால், பின் டிரம்மில் வேலை செய்யும் ஹேண்ட் பிரேக்கும் பயனில்லை. முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஹவுசிங்குக்கு அடியில் ஸ்டாண்டு வேண்டும்.

நடுப்பட்டன் மட்டும் தேய்கிறது

பிக்கப்பில் அதிகம் காண்பது இதுதான். மாங்காய் சீசனில் லோடுக்கு ஏற்றபடி பின்னால் காற்று ஏற்றிவைப்பார்கள். சீசன் முடிந்து ஆடி, ஆவணியில் வண்டி பாதி நாள் காலியாக ஓடும். காற்று மட்டும் அப்படியே இருக்கும். காலி வண்டியில் அந்தக் காற்றுக்கு டயர் நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கும். தரையைத் தொடுவது நடுவில் ஒரு பட்டை மட்டுமே. தள்ளும் விசை முழுவதும் அந்தப் பட்டை வழியாகத்தான் போக வேண்டும். முன் டயரில் இதே தப்பு நடந்தால் மெதுவாகத் தெரியும். தள்ளும் டயரில் சீக்கிரம் தெரியும்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலோ கதவின் ஓரத்திலோ காற்று அட்டவணை ஒட்டியிருக்கும். பல பிக்கப்களில் பின் டயருக்கு இரண்டு அளவு தந்திருப்பார்கள்: காலிக்கு ஒன்று, முழு லோடுக்கு ஒன்று. பின்பற்ற வேண்டியது அதைத்தான். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்சம். தினமும் வைக்க வேண்டிய அளவு அல்ல. இந்தக் குழப்பத்தாலேயே நிறைய டயர் வீணாகிறது.

அட்டவணை அழிந்துபோயிருந்தால், அல்லது டயர் அளவை மாற்றியிருந்தால், சாக்பீஸ் சோதனை உதவும். வழக்கமான லோடோடு, குளிர்ந்த டயரில், பட்டன் மீது குறுக்கே விளிம்பிலிருந்து விளிம்புக்குத் தடிமனாக ஒரு கோடு. சமமான தார் ரோட்டில் நேராக 50 மீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. ஒரே சீராக அழியும் வரை 2 பாயின்ட், 2 பாயின்ட்டாக (psi) மாற்றிப் பாருங்கள். ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் டயரில் எழுதிய உச்சத்தைத் தாண்டக் கூடாது. லோடு வண்டியில் அட்டவணை அளவுக்குக் கீழேயும் போகக் கூடாது.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஓசூரில் மார்கழிக் காலையில் பிடித்த காற்றுக்கும், பங்குனி சித்திரையில் தர்மபுரியில் அதே டயரில் இருக்கும் காற்றுக்கும் வித்தியாசம் உண்டு. வெப்பம் 20 டிகிரி கூடினால், 30 பாயின்ட் வைத்த டயரில் சுமார் 3 பாயின்ட்டும் 60 பாயின்ட் வைத்த டயரில் சுமார் 5 பாயின்ட்டும் ஏறும். எனவே மாதம் ஒருமுறையாவது, ஓட்டுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். நெடுஞ்சாலையில் ஓடி வந்து சூடான டயரில் காற்று ஏறித்தான் இருக்கும். அதைப் பார்த்து இறக்கிவிட்டால் ஆறியதும் குறைந்துபோகும். பிரச்சினை அடுத்த தலைப்புக்கு மாறிவிடும்.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருக்கிறது

காற்று குறைவு அல்லது லோடு அதிகம். அதற்கு ஏற்றபடி காற்று இல்லாதபோது டயர் நடுவில் உள்வாங்கி, தோள் இரண்டிலும் எடை நிற்கும். பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். வெயில் காலத்தில் நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு இதுவே பெரிய காரணம். தேய்மானத்தை விட இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

லோடு வண்டியில் டயரின் லோடு எண்ணைக் கட்டாயம் பாருங்கள். அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் அது. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும்; 104 என்றால் 900; 108 என்றால் 1,000; 112 என்றால் 1,120 கிலோ. விலை குறைவு, அளவு பொருந்துகிறது என்று கார் டயரைப் பிக்கப்பின் பின்னால் போட்டால், எவ்வளவு காற்று வைத்தாலும் ஓரம் தேயத்தான் செய்யும். வண்டியின் சொந்த எடையில் பின்னால் வருவதும் ஏற்றும் சரக்கும் சேர்ந்து இரண்டு டயரில்தான் நிற்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு டயர் வாங்குங்கள்.

பின் டயர் இரண்டிலும் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது

காற்று சரி, பட்டைகளும் (பின் அச்சின் மேல் எடையைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்) இறுக்கம், ஆனாலும் இரண்டு பக்கமும் உள்ளே மட்டும் தேய்ந்தால் ஹவுசிங் வளைந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். சக்கரம் இரண்டும் ஓரத்தில் நின்று தாங்க, பட்டைகள் வழியாக எடை உள்பக்கம் அமுக்குகிறது. தாங்கும் அளவுக்கு மேல் கல், ஜல்லி என்று ஏற்றி, பள்ளத்தில் ஒரு குத்து வாங்கினால் ஹவுசிங் நடுவில் இறங்கிவிடும். அப்போது இரு சக்கரத்தின் தலையும் உள்பக்கம் சாயும். எடை உள்விளிம்பில் விழும்.

காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கொத்தனார் தூக்குக்குண்டை டயரின் நடுக்கோட்டில் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் உதட்டுக்கும் கீழ் உதட்டுக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை அளக்கலாம். தரையில் டயர் பிதுங்குவது நூலை இடிக்காதபடி சற்றுத் தள்ளித் தொங்கவிடுங்கள். நல்ல ஹவுசிங்கில் மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரும். இரண்டு பக்கமும் மேல் உதடு 3, 4 மி.மீ. உள்ளே போயிருந்தால் ஹவுசிங்கைக் கழற்றி மட்டம் பார்ப்பதைத் தவிர வழியில்லை. வளைந்த ஹவுசிங்கைச் சூடுபண்ணி நிமிர்த்தும் பட்டறைகள் உண்டு. எங்கள் கருத்தில் அது வேண்டாம். சூடுபட்ட இடம் பலம் இழக்கும். ஆக்சில் ஷாஃப்டும் பேரிங்கும் நேர்கோட்டில் உட்காராமல் அடுத்து அவை போகும். நல்ல ஹவுசிங் மாற்றுவதே முறை.

ஒரு பக்கம் மட்டும் இப்படி என்றால் அந்தப் பக்க வீல் பேரிங், வளைந்த ரிம், அதன் பிறகுதான் ஹவுசிங். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகக் கை வைத்து மாற்றி மாற்றி ஆட்டுங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங். ஆட்டம் இல்லையென்றால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் உதட்டருகே ஒரு சாக்பீஸை அசையாமல் பிடியுங்கள். ஒரு இடத்தில் மட்டும் கோடு விழுந்தால் ரிம் வளைந்திருக்கிறது.

பின் டயர் இரண்டும் ஒரே திசையில் ரம்பமாகத் தேய்கிறது. ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது

பட்டை வண்டியில் இது முக்கியமானது. அடிக்கடி தவறவிடப்படுவதும் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாக.

பின் அச்சை அதன் இடத்தில் நிறுத்துவது எது? பட்டையையும் ஹவுசிங்கையும் சேர்த்துக் கட்டும் U வடிவ யு போல்ட் என்றுதான் பலரும் சொல்வார்கள். யு போல்ட் அமுக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். இடத்தைக் காட்டுவது சென்டர் போல்ட். பட்டைகள் எல்லாவற்றையும் நடுவில் துளைத்துச் செல்லும் அந்த ஒற்றைப் போல்ட்டின் தலை, ஹவுசிங் மேல் பற்றவைத்திருக்கும் பட்டை மேடையின் குழியில் உட்கார்ந்திருக்கும். யு போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை சென்டர் போல்ட்டுக்குச் சிரமம் இல்லை. யு போல்ட் தளர்ந்துவிட்டால் தள்ளும் விசை, பிரேக் விசை இரண்டும் சென்டர் போல்ட்டை வெட்டப் பார்க்கும். ஒரு நாள் அது அறுந்துவிடும். அன்றிலிருந்து அந்தப் பக்கம் அச்சு தன் இஷ்டத்துக்கு முன்னும் பின்னும் நகரும்.

யு போல்ட் எப்போது தளர்கிறது? பெரும்பாலும் எக்ஸ்ட்ரா பட்டை போட்ட பிறகு. புதிதாகச் செருகிய பட்டைக்கு இடையே பெயின்ட், துரு, மண் இருக்கும். முதல் சில லோடில் அது நசுங்கி அமர்ந்ததும் கட்டு தளர்ந்துவிடும். மறுபடி இறுக்கச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். வண்டிக்காரர் லோடு அவசரத்தில் வந்திருக்க மாட்டார்.

அச்சு நகர்ந்ததால் டயர் எப்படித் தேய்கிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. பட்டைகள் இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சு 6 மி.மீ. பின்னால் போனால், பின் சக்கரங்கள் வண்டியின் நேர்கோட்டை விட்டு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6 மீட்டர் விலகும் திசையைப் பார்க்கின்றன. ஓட்டுநர் தெரியாமலே ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் பிடித்து அதைச் சமன் செய்கிறார். வண்டி நண்டு மாதிரி ஓடுகிறது. அச்சு அந்தக் கோணத்திலேயே உறைந்து நின்றுவிட்டால் டயர் மெதுவாகத்தான் தேயும். ஸ்டீயரிங் கோணல் மட்டும் தெரியும். ஆனால் தளர்ந்த அச்சு நிற்காது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கோணம், பிரேக் பிடித்தால் இன்னொரு கோணம், லோடில் வேறு. ஒவ்வொரு மாற்றத்திலும் டயர் இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் அரைபடும். அதனால்தான் இரண்டு டயரிலும் ரம்பம் ஒரே திசையைப் பார்க்கிறது: இடது டயரில் உள்பக்கம் நோக்கி இருந்தால், வலது டயரில் வெளிப்பக்கம் நோக்கி. இந்த அடையாளத்தை நினைவில் வையுங்கள்.

உறுதிசெய்யும் முறை இது. சமதளத்தில் நேராக உருட்டி வந்து, ஸ்டீயரிங் நேராக இருக்க நிறுத்துங்கள். பட்டையின் முன் கண் (முன் முனையில் சுருட்டிய வளையம்) போல்ட்டின் நடுவிலிருந்து ஹவுசிங் குழாயின் முன்முகம் வரை டேப்பில் அளவெடுங்கள். மறுபக்கமும் அதே புள்ளியிலிருந்து அதே புள்ளிக்கு. இரண்டும் 3 மி.மீ.க்குள் இருந்தால் கவலையில்லை. 5 மி.மீ. தாண்டினால் அச்சு இடம் மாறியிருக்கிறது.

பிறகு டார்ச் அடித்து பட்டை மேடையைப் பாருங்கள். மண்ணும் கிரீஸும் அப்பி எல்லாம் ஒரே கறுப்பாக இருக்கும் இடத்தில், மேடையின் ஓரத்தில் மட்டும் பட்டை வெள்ளி போலப் பளபளத்து, அதைச் சுற்றிக் குங்குமம் தூவியது போல் சிவப்புத் துருப்பொடி நின்றால் இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருக்கின்றன. யு போல்ட் நட்டைச் சுற்றியும் அந்தச் சிவப்புப் பொடி தெரியும். இது தெரிந்தால் அளவுகூட எடுக்க வேண்டாம், அவிழ்க்க வேண்டியதுதான். பொடி எதுவும் இல்லாமல் அளவில் மட்டும் வித்தியாசம் வந்தால் முன் கண் புஷ் (வளையத்துக்குள் இருக்கும் ரப்பர்) நசிந்திருக்கும். கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே கடப்பாரை கொடுத்து நெம்பிப் பாருங்கள். ரப்பர் கிழிந்து போல்ட் முன்பின் ஆடும்.

சரிசெய்யும்போது இவற்றில் சமரசம் வேண்டாம். சென்டர் போல்ட் பழைய விட்டமே வேண்டும், தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்த கெட்டி எஃகுப் போல்ட்டாக இருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் எடை போட்டுத் தரும் சாதாரணப் போல்ட் ஒரு சீசன் தாங்காது. மேடையின் குழி முட்டை வடிவில் அகன்றுபோயிருந்தால் புதுப் போல்ட்டும் ஆடும். குழியைச் சரியாக்கிய பிறகே பூட்டுங்கள். யு போல்ட்டும் நட்டும் புதிது. ஒருமுறை இழுபட்ட யு போல்ட் மறுபடி அதே இறுக்கத்தைத் தராது. பட்டை முகங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மண், பெயின்ட் நீக்குங்கள். நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக, மூன்று நான்கு தவணையாக இறுக்கி, கடைசி இறுக்கத்தை வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), கம்பெனி கையேட்டு அளவுக்குச் செய்யுங்கள். பைப் போட்டு இரண்டு பேர் தொங்கி இறுக்குவது அளவு ஆகாது. முதல் முழு லோடு அடித்து வந்ததும் ஒருமுறை, 500 கிலோமீட்டரில் இன்னொருமுறை மறு இறுக்கம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட். கடையில் தெளிவாகக் கேளுங்கள்: "அண்ணே, பின் வீலுக்கும் சென்சார் மாட்டிப் பாருங்க. திரஸ்ட் ஆங்கிள் எவ்வளவு வருதுன்னு பிரிண்ட் குடுங்க." பின் அச்சு பார்க்கும் திசைக்கும் வண்டியின் நடுக்கோட்டுக்கும் உள்ள கோணம் அது. அது பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால் உங்கள் வேலை சரி.

முன் டயர் ஓரம் தேய்கிறது

இது டோ, கேம்பர் விஷயம். மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ (டோ-இன்) வெளியேயோ (டோ-அவுட்) திரும்பி நிற்பது டோ; சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்வது கேம்பர். அலைன்மென்ட்டில் தீரக்கூடியது, தேய்ந்த பாகம் இல்லையென்றால். முன் டயர் இரண்டிலும் வெளி ஓரம் தேய்ந்து, உள்ளிருந்து வெளியே தடவும்போது இடறினால் டோ-இன் அதிகம். உள் ஓரம் தேய்ந்து, வெளியிலிருந்து உள்ளே தடவும்போது இடறினால் டோ-அவுட். ரிம்மின் முன்னும் பின்னும் எடுத்த அளவில் 3 மி.மீ. மட்டுமே தப்பு என்றாலும், 400 மி.மீ. ரிம்மில் ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3.75 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுபடுகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் போய் வந்தால் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரம்பம் இல்லாமல் வெளித்தோள் மட்டும் உருண்டையாகத் தேய்ந்திருந்தால், அந்த வண்டி ஒகேனக்கல் இறக்கத்திலோ வத்தல்மலை வளைவுகளிலோ அதிகம் ஓடுகிறதா என்று கேளுங்கள். கொண்டை ஊசி வளைவில் முன் டயரின் வெளித்தோள்தான் எடை வாங்கும். அட்டவணைக்குள் காற்றைச் சரியாக வைத்து, வளைவுக்கு முன்பே வேகம் குறைப்பதுதான் மருந்து.

அலைன்மென்ட்டுக்கு முன் டை ராடு எண்டு, பால் ஜாயின்ட் அல்லது கிங் பின், ஆர்ம் புஷ் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டமுள்ள பாகத்தின் மேல் செய்த அலைன்மென்ட் கடைவாசல் தாண்டுவதற்குள் போய்விடும். இன்னொன்று, டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) உள்ள வண்டியில் பார்வைக்காக முன்பக்கத்தைத் தூக்கி வைத்திருந்தால் கேம்பர், டோ இரண்டும் மாறியிருக்கும். உயரத்தைக் கம்பெனி அளவுக்கு இறக்கிய பிறகே அளக்க வேண்டும்.

ஒரே இடத்தில் மட்டும் வழித்தெடுத்தது போல் தட்டை

சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டிருக்கிறது. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கம். காலி பிக்கப்பில் பின்பக்கம் எடை இல்லை. திடீரென்று பிரேக்கில் ஏறினால் பின் சக்கரம் முதலில் நிற்கும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, இன்ஜின் பிடிப்பில் இறங்குவதே இதற்கு முதல் பாதுகாப்பு.

ஒரு பக்க டயரில் மட்டும் தட்டை என்றால் இரண்டு பக்கப் பிரேக்கும் சமமாக இல்லை. எதிர்ப்பக்க டிரம்மைக் கழற்றுங்கள். ஆக்சில் ஆயில் சீல் ஒழுகி லைனிங் நனைந்திருந்தால் அந்தப் பக்கம் பிடிக்காது. பிடிக்கும் பக்கம் முழு வேலையும் செய்து பூட்டிக்கொள்ளும். சக்கரத்தின் உட்பக்கச் சுவரில் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று பார்த்தாலே போதும். சில சமயம் நனைந்த லைனிங்கே திடீரென்று கவ்வும், அதனால் இரண்டு பக்கமும் திறந்து பாருங்கள். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடக் கூடாது. இரு பக்கமும் புது செட்.

லோடுக்கு ஏற்பப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வண்டிகளில் ஹவுசிங்கிலிருந்து அந்த வால்வுக்கு ஒரு கம்பி போகும். அதை "தொந்தரவு" என்று கம்பி போட்டுத் தூக்கிக் கட்டிவிட்டால், காலி வண்டியிலும் முழு அழுத்தம் போய்ப் பின் சக்கரம் பூட்டும். நேர்மாறாக, எக்ஸ்ட்ரா பட்டை போட்டு வண்டி உயர்ந்துவிட்டால், முழு லோடிலும் வால்வு காலி என்றே நினைக்கும். பின் பிரேக் குறைந்து முன் டயரும் முன் பிரேக்கும் எல்லாவற்றையும் சுமக்கும். பட்டை கூட்டுகிறவர்கள் இந்தக் கம்பியைப் பற்றிப் பேசுவதே இல்லை. இது உயிர் சம்பந்தப்பட்டது.

மேடும் பள்ளமுமாக, அலை அலையாக

ஷாக் அப்சார்பர் செத்திருக்கிறது, அல்லது பேலன்சிங் போயிருக்கிறது. ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து மண் அப்பியிருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். பட்டனின் ஒரு முனை உயர்ந்து மறுமுனை தாழ்ந்து படிக்கட்டு போல் இருந்தால், தள்ளும் டயரில் கட்டைப் பட்டன் வகைக்கு அது ஓரளவு இயல்பு. இடம் மாற்றினால் சமமாகும்.

பின்னால் தனித்தனிச் சஸ்பென்ஷன் உள்ள கார்கள்

பெங்களூரு–சென்னை வழியில் கிருஷ்ணகிரியைத் தாண்டிப்போகும் ஜெர்மன் செடான்கள், ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவும் பின் சக்கரத்தால் ஓடுபவைதான். ஆனால் இவற்றில் பின் சக்கரம் ஒவ்வொன்றும் தனியாக ஆர்ம்களில் தொங்குகிறது. கேம்பர், டோ இரண்டையும் திருத்த முடியும். அதனால் மேலே சொன்ன பட்டைக் கதை இங்கே செல்லாது.

வளைவில் பிடிப்புக்காகப் பின் சக்கரத்தின் தலையைக் கொஞ்சம் உள்ளே சாய்த்தே கம்பெனி வைத்திருக்கும். ஒன்றரை, இரண்டு டிகிரி வரைகூட. எனவே உள்விளிம்பு சற்று முந்தித் தேய்வது இயல்பு. அதோடு டோவும் தப்பினால்தான் உள்விளிம்பு கடகடவென்று போகும். ஆபத்து என்னவென்றால் வெளியிலிருந்து பார்க்கும்போது டயர் புதிது போலவே இருக்கும், உள்ளே கம்பி வெளியே வந்திருக்கும். வண்டிக்கு அடியில் போனை நீட்டி வீடியோ எடுத்துப் பாருங்கள். அரை நிமிட வேலை.

காரைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் போட்டிருந்தால் சாய்வு இன்னும் கூடும், டோவும் மாறும். தேய்ந்த ஆர்ம் புஷ் இருந்தால், நிற்கும்போது அளவு சரியாகக் காட்டும். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது சக்கரம் திசை மாறும். ஆகவே முதலில் புஷ், பிறகு அளவு. திருத்தும் வரிசை: பின் கேம்பர், பின் டோ, அதன் பிறகு முன் கேம்பர், முன் டோ. கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதால் டோ எப்போதும் கடைசி. முன் சக்கரம் பின் அச்சின் திசையை வைத்தே நேராக்கப்படுவதால் பின்பக்கம் எப்போதும் முதலில். பின் டயர் அகலமாகவும் முன் டயர் குறுகலாகவும் உள்ள கார்களில் முன்பின் மாற்ற வழியே இல்லை. பின் ஜோடி சீக்கிரம் தீரும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் மாற்றும் முறை

நான்கும் ஒரே அளவு, சுழலும் திசை அம்புக்குறி இல்லாத டயர்கள் என்றால், பின் இரண்டும் அதே பக்கத்தில் நேராக முன்னுக்கு. முன் இரண்டும் பக்கம் மாறிப் பின்னுக்கு. 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. மாற்றிய பின் முன், பின் காற்றளவை அட்டவணைப்படி மறுபடி வைக்க மறந்துவிடாதீர்கள். பாதி தேய்ந்த ஒன்றையும் புது ஒன்றையும் ஒரே பின் அச்சில் ஜோடி சேர்க்காதீர்கள். சுற்றளவு மாறுவதால் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்யும். அஞ்செட்டி மலைப்பாதைக்காக 4x4 (நான்கு சக்கர ஓட்டம்) போட்டவர்கள் தார் ரோட்டுக்கு வந்ததும் இரு சக்கர ஓட்டத்துக்கு மாற்றிவிட வேண்டும். பழைய முறை 4x4 காய்ந்த தாரில் நான்கு டயரையும் அரைத்துவிடும்.

கோளாறை நீக்கியபின் ஒன்பது அளவையும் தேதி, கிலோமீட்டரோடு எழுதி வைத்து, 3,000 கிலோமீட்டரில் மறுபடி அளங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் இடையே இருந்த வித்தியாசம் அதே அளவில் நின்றிருந்தால் காரணம் பிடிபட்டுவிட்டது. இன்னும் அரை மி.மீ. கூடியிருந்தால் முதல் சந்தேகம் யு போல்ட் மேல்தான். டார்ச்சை எடுத்துக்கொண்டு பட்டை மேடையைப் பாருங்கள்.